ஒரே தட்டில் ஒன்பது பலகை: சின்ன ரவுட்டரும் திருமலை ஓர்டர்களும்

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருப்பவர்களுக்குப் பங்குனி, சித்திரை என்றால் பெயின்ட் அடிக்கிற காலம். மே மாதம் வெளிநாட்டுக்காரர்கள் வரத் தொடங்குவதற்குள் சுவரும் கதவும் புதுசாகிவிட வேண்டும். கதவு புதுசானால் அறை இலக்கமும் புதுசாக வேண்டும். எனக்கு வேலை வருவது அப்படித்தான்: அறை இலக்கப் பலகை, சாவிக்கொத்து, 'செருப்பைக் கழற்றவும்', 'வரவேற்பறை', வாசலில் மாட்ட ஒரு திமிங்கில வால், பிரெட்ரிக் கோட்டைக்குள் திரிகிற புள்ளிமான் ஒன்று. ஒரு இடத்துக்கு என்றால் டசின் கணக்கில் கேட்பார்கள். ஒற்றைப் பலகை கேட்டு வருபவர் அபூர்வம்.

என்னிடம் இருப்பது 3018 என்று சொல்லும் சின்ன சி.என்.சி. ரவுட்டர், கணினி சொல்கிறபடி மரத்தைச் செதுக்குகிற மெஷின். பெயரிலேயே அளவு இருக்கிறது: 300க்கு 180 மில்லிமீற்றர். உள்ளே ஜி.ஆர்.பி.எல். என்ற கட்டுப்பாட்டு மென்பொருள் ஓடுகிற ஒரு போர்ட், ஒரு 775 மோட்டார், அது சுழற்றுகிற, எட்டில் ஒரு அங்குலத் தண்டுள்ள வெட்டு அலகு, அதாவது பிட். விளையாட்டுச் சாமான் என்று சிரிப்பவர்கள் உண்டு. எழுத்துச் செதுக்க இது போதும். பலகைகளை நிறையச் செய்யும்போது நேரத்தைத் தின்பது மெஷின் அல்ல. பலகையை வைக்கிறது, நேராக்குகிறது, பூச்சியம் பிடிக்கிறது (எங்கிருந்து அளக்க வேண்டும் என்று மெஷினுக்குக் காட்டுவது), கழற்றுகிறது, தேய்க்கிறது, பெயின்ட் அடிக்கிறது, இவைதான். பெரிய மெஷின் வாங்கினால் வேகம் கூடும் என்று யோசிப்பவர்கள் முதலில் ஒரு மணிக்கூட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு, பிட் உண்மையில் மரத்தைத் தொடும் நேரம் எவ்வளவு என்று பார்க்கட்டும். செலவு செய்ய வேண்டிய இடம் தெரிந்துவிடும்.

நான் செலவு செய்த இடம் தட்டு. 12 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) துண்டு ஒன்றில், பலகைகள் உட்காருகிற மாதிரி குழிகள் வெட்டிய தட்டு. 90க்கு 50 மி.மீ. பலகை என்றால் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கொள்ளும். அதற்கு 270க்கு 150 போக, நீளத்திலும் அகலத்திலும் 30 மி.மீ. மிச்சம். இடையில் சுவருக்கும் ஆப்புக்கும் அந்த மிச்சம் போதும். குழியின் ஆழம் நாலைந்து மி.மீ. இருந்தால் சரி, பலகையின் முகம் மேலே துருத்திக்கொண்டு நிற்கும், பிட் தட்டைத் தொடாது.

தட்டை அதே மெஷினிலேயே வெட்ட வேண்டும். சின்ன மெஷின்களின் சட்டம் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். வெளியே யாரிடமாவது கொடுத்து மிகத் துல்லியமாக வெட்டி வாங்கினாலும் அது உங்கள் மெஷினின் கோணலுக்குப் பொருந்தாது. மெஷின் தானே வெட்டிய குழி அதன் கோணலோடேயே ஒத்துப்போகும்.

குழியைப் பலகையைவிட அரை மி.மீ. பெரிதாக வெட்டிவிட்டு, எல்லாப் பலகையையும் ஒரே மூலைக்கு, என் பழக்கத்தில் இடது கீழ் மூலைக்கு, தள்ளி மற்றப் பக்கம் ஒரு மர ஆப்பு சொருகுகிறேன். எழுத்துச் செதுக்கும்போது பிட் பெரிதாக இழுப்பதில்லை. ஆப்பு போதும், கிளாம்ப் வேண்டாம். குழியின் உள் மூலையில் வட்டப் பிட் வட்டமாகத்தான் நிற்கும், பலகையின் கூர் மூலை அதில் இடித்துக்கொண்டு உட்காராது. அதனால் ஒவ்வொரு மூலையிலும் பிட்டைக் கொஞ்சம் வெளியே தள்ளி ஒரு சின்னத் துளை போட்டுவிடுங்கள். பார்க்க எலிக்காது போல் இருக்கும், இருக்கட்டும்.

தட்டு மெஷினின் மேசையில் இரண்டு முளைகளில் உட்காருகிறது. முளைகளை ஒரே மாதிரி இரு பக்கமும் வைக்காமல் ஒன்றைத் தள்ளி வைத்தால் தட்டைத் தலைகீழாகப் போட்டதும் அது விலகி நிற்பது தெரிந்துவிடும். ஒரு துளை முளைக்கு இறுக்கமாக, மற்றது நீளவாக்கில் கொஞ்சம் தளர்வாக. மாரி வந்தால் எம்.டி.எஃப். ஊதும்; இரண்டு துளையும் இறுக்கமாக இருந்தால் கார்த்திகை மாதம் தட்டு இறங்காது.

தட்டு இரண்டு இருந்தால்தான் வேலை ஓடும். ஒன்று மெஷினில் இருக்கும்போது மற்றதில் பலகை அடுக்கி ஆப்பு சொருகலாம். எதுவும் அளக்கவோ கோடு போடவோ இல்லை. எடுப்பது, வைப்பது, பொத்தான் அழுத்துவது.

அடுத்தது மரம். மகோகனி, தேக்கு, பலா மூன்றும் செதுக்க நல்லவை. மகோகனியில் எழுத்தின் ஓரம் சுத்தமாக வரும், மலிவும்கூட. முதிரையில் ஓரம் கத்தி போல் நிற்கும், ஆனால் பிட் சீக்கிரம் மழுங்கும். பாலையை இந்தச் சின்ன மோட்டாருக்குக் கொடுக்க வேண்டாம். முழுப் பலகை வாங்க மரக்காலைக்குப் போகத் தேவையில்லை. தளபாடம் செய்கிற தச்சுப் பட்டறைகளில் கட்டில் கால், அலுமாரிச் சட்டம் வெட்டிய மிச்சத் துண்டுகள் குவிந்து கிடக்கும். அவற்றைப் பட்டறையிலேயே கீலமாக வெட்டி, இழைப்பு மெஷினில் ஒரே அளவு வைத்து எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக விட்டு, பிறகு நீளத்துக்கு அறுத்துத் தரச் சொல்கிறேன். முதல் தடவை பட்டறைக்கார அண்ணை கேட்டார்:

"உன்ர மெஷின் இதை வெட்டாதோ தம்பி?"

"வெட்டும் அண்ணை. ஒரு துண்டு வெட்ட முடியுறதுக்குள்ள நீங்க அத்தனையையும் அறுத்துப்போடுவீங்க."

பொய் இல்லை. 12 மி.மீ. மகோகனியை இந்த ரவுட்டர் அரை மி.மீ. அரை மி.மீ. ஆகத்தான் இறங்கி வெட்டும். ஒரு பலகையைச் சுற்றி 24 சுற்று. வாள் செய்கிற வேலையை ரவுட்டரிடம் கொடுப்பது வீண். ரவுட்டர் செய்யட்டும் என்று விட வேண்டியது வாளால் முடியாததை மட்டும்.

ஒரே அளவில் இழைப்பதை நான் இவ்வளவு வலியுறுத்த ஒரு காரணம் உண்டு. வி வடிவப் பிட்டில் செதுக்கும்போது எழுத்தின் கோடு எவ்வளவு அகலம் என்பதை ஆழம்தான் முடிவு செய்கிறது. 60 பாகைப் பிட்டில் பலகை 0.2 மி.மீ. தடிப்பாக இருந்தால் கோடு ஏறத்தாழ 0.23 மி.மீ. அகலமாகிவிடும், 90 பாகைப் பிட்டில் 0.4 மி.மீ. கேட்கச் சின்னக் கணக்கு. ஆனால் 101 மெல்லிசாகவும் 102 தடிப்பாகவும் பக்கத்துப் பக்கத்துக் கதவில் தொங்கும்போது எவர் கண்ணுக்கும் தெரியும். தடிப்பு கொஞ்சம் முன்பின்னாக இருக்கும் என்று தெரிந்தால் 60 பாகைப் பிட்டைப் போடுவது பாதுகாப்பு.

ஆழத்தையும் முன்கூட்டியே கணக்குப் பார்க்கலாம். 60 பாகையில் ஆழம் கோட்டு அகலத்தின் 0.87 மடங்கு, 90 பாகையில் பாதி. கோடு 5 மி.மீ. அகலமான கொழுத்த எழுத்து 60 பாகையில் 4.3 மி.மீ. இறங்கும். 12 மி.மீ. பலகைக்குப் பரவாயில்லை, 6 மி.மீ. சாவிக்கொத்துக்கு அது ஆபத்து. அங்கே 90 பாகை, அல்லது மெல்லிய எழுத்துரு.

இனி எழுத்து. இங்கே பலகை என்றால் மூன்று மொழி. ஆங்கிலத்துக்கு எந்த மென்பொருளும் சரி. தமிழும் சிங்களமும் பல செதுக்கு மென்பொருள்களில் நேரடியாகத் தட்டினால் உடைந்துவிடும். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி தனியாக மிதக்கும். நான் எல்லாவற்றையும் இங்க்ஸ்கேப்பில் எழுதி, எழுத்தைக் கோட்டு வடிவமாக மாற்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய கோடுகளை ஒன்றாக இணைத்து, அதற்குப் பிறகுதான் எஸ்.வி.ஜி. கோப்பாகச் செதுக்கு மென்பொருளுக்குக் கொடுக்கிறேன். இணைக்கிற வேலையை விட்டால், எழுத்தும் அதோடு ஒட்டுகிற விசிறிக் குறியும் ஒன்றை ஒன்று வெட்டுகிற இடத்தில் பிட் குழம்பிப்போய்க் கோட்டை உள்ளே கிழிக்கும். அச்சகத்தில் தட்டிய பழைய கோப்போடு வருபவர்கள் பெரும்பாலும் பாமினியில் கொண்டுவருவார்கள். அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாவிட்டால் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். ஆனால் பாமினிக்கு ஒரு நன்மையும் உண்டு: அது ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருப்பதால், தமிழ் தெரியாத மென்பொருளிலும் அப்படியே வந்துவிடும்.

எந்த எழுத்துரு என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். கணினித் திரையில் அழகாக இருப்பது மரத்தில் நிற்காது. முதலில் புள்ளியைப் பாருங்கள். பல எழுத்துருக்களில் புள்ளி ஒரு குட்டி வளையம். மரத்தில் அந்த வளையத்தின் நடுவே ஒரு மணி அளவு மரம் தனித்து நிற்கும்; செதுக்கும்போது இல்லாவிட்டால் தேய்க்கும்போது தெறித்துவிடும். ஒன்பது பலகையில் மூன்றில் தெறித்து ஆறில் நின்றால் பார்க்க இன்னும் மோசம். நிரம்பிய புள்ளி உள்ள எழுத்துருவைத் தேர்ந்தால் பிட் அதில் ஒரு சின்னக் கூம்புக் குழி போட்டுவிட்டுப் போகும். அது அழகாகவும் இருக்கும். அடுத்து ண, ஞ, இ, ழ. சுழிகளுக்குள் மிச்சமாக நிற்கும் மரம் ஒரு மி.மீ.க்குக் குறைந்தால் நாருக்குக் குறுக்கே உடையும். ஆங்கில எழுத்து 12 மி.மீ. உயரத்தில் தெளிவாக இருந்தால், தமிழுக்கு 16, 18 கொடுத்தால்தான் அதே தெளிவு வரும். தமிழ் வரிதான் நீளமாகவும் இருக்கும். ஆகவே பலகையின் அகலத்தைத் தமிழ் வரியை வைத்து முடிவு செய்துவிட்டு மற்ற இரண்டையும் அதற்குள் அமைப்பது சுலபம். ஆங்கிலத்தை முதலில் பெரிதாகப் போட்டுவிட்டுத் தமிழை மிச்ச இடத்தில் நெருக்கிய பலகைகளை ஊர் முழுக்கப் பார்க்கலாம்.

செதுக்குவதற்கு முன் எல்லாப் பலகையையும் அசல் அளவில் ஏ4 தாளில் அச்சிட்டு, கேட்டவரிடம் கொடுத்து ஒவ்வொன்றின் பக்கத்திலும் சரி போட்டு வாங்குகிறேன். சிங்கள வரியைச் சிங்களம் வாசிக்கிற ஒருவர்தான் பார்க்க வேண்டும். எழுத்தைப் பார்த்து வடிவம் ஒத்துப்போகிறது என்று நாமே முடிவு கட்டக் கூடாது.

பிட் மாற்றுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த மெஷினில் ஒவ்வொரு தடவை பிட் மாற்றும்போதும் உயரத்தின் பூச்சியத்தைத் திரும்பப் பிடிக்க வேண்டும். அதனால் ஒரு பலகையை முழுசாக முடித்து அடுத்ததற்குப் போவது கூடாது. ஒரு தட்டை முழுசாக முடிப்பதும் கூடாது. எழுத்து, பிறகு ஆணித் துளை என்று இரண்டு பிட் வேண்டுமானால், எல்லாத் தட்டையும் முதல் பிட்டில் ஓட்டிவிட்டு, பிட்டை ஒரே ஒரு தடவை மாற்றி, எல்லாத் தட்டையும் திரும்ப ஏற்றுவேன். ஆப்பைத் தளர்த்திப் பலகையை எடுத்தாலும், திரும்ப அதே குழியில் அதே மூலைக்குத் தள்ளினால் அதே இடத்தில் வந்து நிற்கும். இடியப்பத் தட்டு வேலை போலத்தான்: ஒன்று அவியும்போது மற்றதில் பிழிய வேண்டும், அடுப்பைச் சும்மா எரிய விடக் கூடாது.

இதைவிட நல்லது ஒரே பிட்டில் முடிகிற மாதிரி வடிவமைப்பது. ஓரத்துக்கு ஒரு கோடு வேண்டுமா? அதே வி பிட்டில் போடலாம். துளை வேண்டுமா? பட்டறையில் துளை மெஷினிலேயே போட்டு வாங்கலாம். புள்ளிமானை வெளிக்கோட்டில் வெட்டி எடுக்கச் சொல்பவர்களிடம், கொம்பு நாருக்குக் குறுக்கே வருகிற இடத்தில் உடையும், பலகையில் செதுக்கித் தருகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். திமிங்கில வால் வெட்ட ஒத்துக்கொள்ளும்; தடிப்பான வடிவம்.

கரண்ட். மெஷினின் மோட்டாருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது, போர்ட்தான் எண்ணிக்கொண்டிருக்கிறது. மின்சாரம் போனால் அந்த எண்ணிக்கையும் போய்விடும். 2022இல் ஊரே மணிக்கணக்காக இருட்டில் கிடந்த காலத்தில் இந்த வேலையை நினைத்தும் பார்த்திருக்க முடியாது. இப்போதும் மழை காற்றுக்கு ஒரு கண் சிமிட்டல் போதும். இதற்கு இரண்டு ஏற்பாடு. ஒன்று, மூன்று அச்சிலும் எல்லைச் சுவிட்ச் பூட்டுவது. இந்த மெஷின்களில் சில சுவிட்ச் இல்லாமலேயே வரும். வாங்கிப் பூட்டலாம், விலை கொஞ்சம்தான். சுவிட்ச் இருந்தால் கரண்ட் வந்ததும் மெஷின் தன் மூலையைத் தானே தேடிப் பிடித்துவிடும். தட்டின் பூச்சியத்தை, மெஷினுக்குக் கொடுக்கிற ஜி-கோட் கட்டளைகளில் ஜி54இல் போட்டு வைத்தால் அது போர்டின் நினைவகத்தில் அழியாமல் இருக்கும். ஜி92இல் போட்டது கரண்டோடு போய்விடும். பலர் ஜி92ஐயே பழகியிருக்கிறார்கள். பலகைகளை இப்படி நிறையச் செய்யும்போது அது உதவாது. ஜி54இலிருந்து ஜி59 வரை ஆறு இடம் இருப்பதால் இரண்டு வகைத் தட்டுக்கு இரண்டு பூச்சியம் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, ஒன்பது பலகையையும் ஒரே கோப்பாக்காமல் வரிசைக்கு ஒன்றாக மூன்று கோப்பாக்குவது. நடுவில் நின்றால் அந்த வரிசையை மட்டும் முதலிலிருந்து ஓட்டினால் போதும். ஏற்கெனவே செதுக்கிய குழியில் பிட் காற்றில் போய்வரும், கெடுதல் இல்லை. எந்த வரியில் நின்றது என்று ஜி-கோட்டைத் துழாவிக்கொண்டிருப்பதைவிட இது நிம்மதி. லப்டொப் தூங்கிப்போகிற அமைப்பையும் நிறுத்தி வையுங்கள். கச்சான் காற்று அடிக்கிற வறண்ட நாட்களில் தூசி உறிஞ்சிக் குழாயில் நிலைமின்சாரம் ஏறி யூ.எஸ்.பி. இணைப்பு அறுவதும் உண்டு. குழாய்க்குள் ஒரு செம்புக் கம்பியை ஓட்டி நிலத்தொடுப்பில் கட்டினால் அடங்கும். தூசி உறிஞ்சி இருந்தாலும் முகக்கவசம் போட வேண்டும். மகோகனித் தூசி மூக்கையும் தோலையும் அரிக்கும், எம்.டி.எஃப். தூசி அதைவிடக் கெட்டது.

உப்புக் காற்றைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. வழுக்குத் தண்டும் திருகுத் தண்டும் ஒரு கிழமை சும்மா கிடந்தால் கறள் பிடிக்கும். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்து ஒரு பெட்சீட்டால் மூடுகிறேன். பிட்டைக் கவ்விப் பிடிக்கிற கொலெட்டையும் பிட்டையும் மூடி போட்ட டப்பாவில் அரிசியோடு போட்டு வைக்கிறேன்.

பெயின்ட்தான் மிச்சம், நேரத்தில் பாதியை எடுப்பதும் அதுதான். இரண்டு வழி. பலகையின் முகத்தில் ஸ்டிக்கர் தாளை ஒட்டி, அதன் மேலாகச் செதுக்கி, ஸ்ப்ரே அடித்து, தாளை உரிப்பது ஒன்று. ஆங்கில எழுத்துக்கு இது மிக வேகம். தமிழுக்கும் சிங்களத்துக்கும் சுழிகளுக்குள் ஒட்டியிருக்கும் குட்டித் துணுக்குகளை ஊசியால் ஒவ்வொன்றாகக் கிளப்பியே பொழுது போய்விடும். மற்றது, செதுக்கிய பிறகு சான்டிங் சீலர் இரண்டு பூச்சு அடித்து, எழுத்துக்குள் பெயின்ட் விட்டு, காய்ந்ததும் முகத்தைத் தேய்த்து எடுப்பது. மும்மொழிப் பலகைக்கு எனக்கு இதுதான் சரி. சீலர் அடிக்காமல் பெயின்ட் விட்டால் நார் வழியே பரவி எழுத்துக்கு மீசை முளைக்கும். சீலரை எழுத்தின் உள்ளேயும் போகும்படி அடிக்க வேண்டும். தேய்க்கும்போது ஒன்பதையும் தட்டிலேயே வைத்து, ஒரு நீளக் கட்டையில் 180 சாண்ட் பேப்பர் சுற்றி ஒரேயடியாக இழுத்தால் முகமும் மட்டமாக வரும், ஓரமும் உருண்டு போகாது.

மழைக்காலத்தில் தின்னர் கலந்த லக்கரை அடிக்க வேண்டாம். ஈரக் காற்றில் மேல்பூச்சு வெள்ளை பூத்துப்போகும். ஐப்பசியிலிருந்து தை வரை எண்ணெய் வானிஷ்தான். மெதுவாகக் காயும், ஆனால் பூக்காது. மாட்டுகிற ஸ்க்ரூவையும் நானே கொடுத்துவிடுகிறேன். சாதாரண ஸ்க்ரூ கடல் பக்கத்தில் ஒரு மழையோடு கறள் வடித்து எழுத்தின் மேல் பழுப்புக் கோடு போடும். பார்ப்பவர்கள் பலகையைத்தான் குறை சொல்வார்கள். பித்தளை, அல்லது 316 ரக ஸ்டெயின்லெஸ்.

விலை பேசும்போது எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "தம்பி, ஒன்று என்ன விலை?" நான் ஒன்றுக்கு விலை சொல்வதில்லை. எழுத்து அமைத்துத் தாளில் காட்டுவதற்கு ஒரு தொகை. அது ஒன்று செய்தாலும் முப்பது செய்தாலும் மாறாது. அதன் மேல் தட்டுக்கு இவ்வளவு. பத்துப் பலகை கேட்டால் இரண்டாவது தட்டில் எட்டுக் குழி சும்மா போகிறது. அதைச் சொன்னால் பெரும்பாலானவர்கள் "அப்ப கழிவறை, சமையலறை, கூரையில் ஏற வேண்டாம், அதையும் போடு" என்று தாங்களே நிரப்பிவிடுவார்கள். நிரப்பாவிட்டால் அந்தக் குழிகளில் கதவு இலக்கம் போடாத திமிங்கில வாலோ மானோ செதுக்கி வைத்துக்கொள்வேன். பருவத்தில் கடற்கரைக் கடைகளில் போகும்.

ஒவ்வொரு தட்டின் அடியிலும் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன்: பலகை அளவு, எந்த ஜி எண், எந்தப் பிட், எந்தக் கோப்பு. விடுதிக்காரர்கள் அடுத்த வருசம் மேல்மாடி கட்டிவிட்டு 201இலிருந்து 206 வரை கேட்பார்கள், முதல் எழுத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்பார்கள். தட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தால் போதும்.